ஏரி நிரம்பியது சரி, தண்ணீர் எத்தனை நாள் தங்கியது?

போன இதழில் கோடை வெயில் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வெயிலைப் பேசவில்லை, ஏரியைத்தான் பேசுகின்றன. பழைய வடாற்காட்டின் எல்லா மூலையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டாலும் தண்ணீர்க் கவலை பிரியவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லாததால் எட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: ஐயா, 2021 நவம்பரில் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்யா ஆறு கரைபுரண்டு ஓடியது. எங்கள் ஊர் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தோம். மூன்றாவது கோடையிலேயே கிணற்றில் தரை தெரிந்துவிட்டது. போர்வெல்லில் ஒரு மணி நேரம்கூட மோட்டார் ஓடவில்லை. மழை ஒன்றும் குறையவில்லை என்கிறார்கள். அப்படியானால் பெய்த தண்ணீர் எங்கே போனது? (குடியாத்தம் பக்கத்து விவசாயி)

பதில்: மழை எவ்வளவு பெய்தது என்று கேட்கப் பழகிவிட்டோம், எப்படிப் பெய்தது என்று கேட்பதில்லை. பத்து சென்டிமீட்டர் மழை பத்து நாளாகத் தூறி, நடுவில் கொஞ்சம் காய்ந்து, மறுபடியும் தூறினால் மண் அதைக் குடிக்கும். அதே பத்து சென்டிமீட்டர் ஒரு ராத்திரியில் மூன்று மணி நேரத்தில் கொட்டினால் மண்ணின் மேல்தோல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலாகவே ஓடி, ஓடையில் விழுந்து, ஆற்றில் சேர்ந்து, விடிவதற்குள் உங்கள் ஊரைத் தாண்டிவிடும். மழைமானியில் இரண்டும் ஒரே கணக்கு, கிணற்றில் ஒரே கணக்கு இல்லை.

காலநிலை மாற்றம் நம் பக்கத்தில் செய்கிற முதல் வேலை இதுதான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். 1901க்கும் 2018க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. கேட்பதற்குச் சின்ன எண்தான், ஆனால் வங்காள விரிகுடாவும் சேர்ந்து சூடாகியிருப்பதால் மேகம் கூடுதலாகச் சுமந்து வந்து, இறக்கும்போது மொத்தமாக இறக்குகிறது. நடுவில் வரும் வறண்ட நாட்களும் நீளுகின்றன. 2015 கடைசியில் வட தமிழ்நாடே வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருஷம், 2016இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோனது. அடுத்தடுத்த இரண்டே வருஷத்தில் இந்த இரண்டையும் ஒரே ஏரி தாங்க வேண்டியிருந்தது.

சரி, 2021இல் உங்கள் ஏரி நிரம்பியதே, அந்தத் தண்ணீர் என்னவானது? அதில் ஒரு பங்கை வெயில் குடித்தது. கோடையில் நம் பக்கத்து ஏரியிலிருந்து ஒரு நாளைக்கு 7, 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும். 100 ஏக்கர் ஏரி என்று வையுங்கள். 8 மில்லிமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 32 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 260க்கு மேல். இது ஒரு நாள் கணக்குதான். மார்ச் முதல் மே வரை இப்படியே போனால் ஏரியின் மட்டத்தில் ஏறக்குறைய இரண்டரை அடி வெயிலுக்கே போய்விடும். வெப்பம் ஏற ஏற இது இன்னும் கூடும்.

இங்கேதான் வண்டல் வருகிறது. உங்கள் தாத்தா காலத்தில் ஏரி பத்து அடி ஆழம் என்றால், அதில் இரண்டரை அடி போனது கால் பங்குதான். இன்றைக்கு வண்டல் ஏறி ஐந்து அடியாகிவிட்டதென்றால் அதே இரண்டரை அடி பாதி ஏரி! ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடானது இன்னும் வேகமாக ஆவியாகும். ஏரி நிறைந்திருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருப்பது தட்டில் ஊற்றிய தண்ணீர். அதிலும் கொட்டுகிற மழை மேட்டு நிலத்து மண்ணை வாரிக்கொண்டு வருவதால் வண்டல் முன்பைவிட வேகமாகச் சேருகிறது.

மிச்சம் இருப்பது உங்கள் போர்வெல். குடியாத்தம் பக்கம் கீழே இருப்பது கெட்டிப் பாறை. மேலே இருக்கிற மொரம்பும் (சரளை மண்) சிதைந்த பாறையும்தான் தண்ணீர் பிடிக்கும் இடம், அதன் கனம் சில பத்து அடிகள். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே ஓட்டம். ஏரியில் நாலு மாதம் தண்ணீர் நின்றால் மேல் அடுக்கு நனைந்து, வெடிப்புகள் வழியாக மெல்ல மெல்லக் கீழே இறங்கும். நாலு வாரம் மட்டும் நின்றால் மேல் கிணறு ஊறும், ஆழத்துக்குப் போய்ச் சேராது. நீங்களோ ஆழத்திலிருந்து தினமும் எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பயிரை வாடவிட யாருக்கும் மனம் வராது.

அதனால்தான் சொல்கிறேன், ஏரி கோடி போனதா என்பதோடு நின்றுவிடாமல் தண்ணீர் எத்தனை நாள் தங்கியது என்று கேளுங்கள். அந்த நாட்களைக் கூட்ட வழி உண்டு. வரத்துக்கால்வாயில் அடைப்பு எங்கே என்று கோடி போன வருஷத்திலேயே நடந்து பார்க்க வேண்டும், காய்ந்த பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் தோண்ட விடாதீர்கள், கரை பலவீனமாகிவிடும். ஏரியின் நடுவில் கொஞ்சம் பள்ளமாக விட்டால் கடைசித் தண்ணீர் அங்கே ஒதுங்கும், பரப்பு குறைவதால் ஆவியாவதும் குறையும்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில் மீனெல்லாம் செத்து மிதந்தது. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. வெயில்தான் காரணம் என்றார் பார்க்க வந்த அதிகாரி. வெயிலில் மீன் சாகுமா? (காட்பாடி, குடும்பத் தலைவி)

பதில்: சாகும் அம்மா, ஆனால் வெயில் மட்டும் காரணமில்லை. மீனும் நம்மைப்போல ஆக்சிஜனை நம்பித்தான் வாழ்கிறது, அது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் ஏழு. தண்ணீர் சூடாக ஆக மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே போகும். சுத்தமான ஏரியாக இருந்தால் இதைச் சமாளித்துவிடும்.

இனி சாக்கடையைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக் கழிவுநீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் உண்டு, பாசிக்கு அது உரம். வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சைப் பாசி மளமளவென்று பெருகும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். அடியில் அழுகுகிற கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் இழுக்கும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத்தான் ஏரியில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பார்த்திருப்பீர்கள். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டை வகைகள் தாங்காது. முதல் நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் பகலிலும் ஆக்சிஜன் சேராது, மறுநாள் காலை நீங்கள் பார்த்த காட்சிதான். செத்து மிதந்தது பெரிய மீன்கள்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இப்படி ஆகும்போது பெரும்பாலும் பெரியவைதான் முதலில் போகும். விரால், கெளுத்தி போன்றவை மேலே வந்து காற்றையே குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, அதிகாரி சொன்னது பாதி உண்மை. சாக்கடை கலக்காத ஏரியில் அதே வெயிலுக்கு இத்தனை மீன் சாகாது. வெயிலை நம் ஊர்க்காரர்களால் நிறுத்த முடியாது, சாக்கடையை நிறுத்த முடியும். ஊராட்சிக் கூட்டத்தில் கேட்க வேண்டியது அதைத்தான். அப்புறம், செத்த மீனை யாராவது மலிவாக விற்றால் வாங்காதீர்கள். பாசி நீலப்பச்சையாக, பெயின்ட் கொட்டியதுபோல மிதந்தால் மாட்டையும் அந்தத் தண்ணீரில் விடாதீர்கள், அந்த வகைப் பாசியில் சிலவற்றுக்கு நஞ்சு உண்டு.

கேள்வி: 1903இலேயே பாலாறு பெருகி வாணியம்பாடியை அழித்தது. அப்போது ஏது கார், ஏது ஏசி? 2021 வெள்ளத்துக்கு மட்டும் காலநிலை மாற்றம் என்று பெயர் வைப்பது நியாயமா? (வேலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: நியாயமான சந்தேகம் ஐயா. 1903 நவம்பர் வெள்ளம் உண்மை, வாணியம்பாடியில் வீடு வீடாக இன்னும் அந்தக் கதை சொல்வார்கள். ஒரு தனி வெள்ளத்தைக் காட்டி இது இதனால்தான் வந்தது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் எப்போதோ ஒருமுறை வந்துபோகும் தூரத்து உறவினர் அடிக்கடி வர ஆரம்பித்தால் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்வோம் இல்லையா? 2015, 2021, அப்புறம் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம். திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, ஒரு வருஷத்து மழையில் பாதி என்று சொல்லலாம். அதே மழையில்தான் திருவண்ணாமலையில் மண்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர்கள் போயின.

இன்னொன்றும் உண்டு. 1903க்கும் இன்றைக்கும் மழை ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் ஆறு ஒன்றல்ல. அன்றைக்கு ஆற்றில் மணல் இருந்தது, ஏரிகள் ஒன்றுக்கொன்று கால்வாயால் கோர்த்திருந்தன. மேல் ஏரி வழிந்தால் கீழ் ஏரிக்குப் போகும். இன்று அந்தக் கால்வாயின் மேலேயே தெருவும் கடையும் இருக்கின்றன. தண்ணீருக்குப் பழைய வழிதான் தெரியும், அது அந்த வழியாகவே வந்து வீட்டுக்குள் நிற்கிறது.

வேலூரைப் பற்றிச் சின்ன வயதில் ஒரு சொலவடை கேட்டிருப்பீர்கள்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குச் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் அகழித் தண்ணீர் போக வழியில்லாமல் அந்தக் கோயிலுக்குள்ளேயே புகுந்து நின்றது. கோட்டை கட்டியவர்கள் அகழி நிரம்பினால் மிச்சம் பாலாற்றுக்குப் போகும்படி வழி வைத்திருந்தார்கள். அந்த வழியை அடைபட விட்டது நாம்தான்.

கேள்வி: ஏரியில் இருக்கிற வேலிகாத்தானை (சீமைக்கருவேலம்) எல்லாம் வெட்டினால் தண்ணீர் தங்குமா? (ஆரணி)

பதில்: வெட்டினால் மட்டும் தங்காது, அடுத்த மழையில் நாலு மடங்காகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் ஏரிக்குள் வண்டல் எடுத்து ஆழப்படுத்தவும், கரையில் பனையும் நாணலும் வைக்கவும் வேண்டும். இரண்டு வருஷம் தொடர்ந்து முளைப்பதைப் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். வேலிகாத்தான் ஏரிக்குள் வந்ததே தண்ணீர் தங்காமல் போனதால்தான். ஆறு மாதம் தண்ணீர் நிற்கிற இடத்தில் அதன் கன்று பிழைக்காது.

கேள்வி: நான் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். பாலாறு கெட்டதற்கு எங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது வெப்பம், காலநிலை என்று புதிதாகச் சொல்கிறார்கள். எது உண்மை? (ஆம்பூர்)

பதில்: இரண்டும் உண்மை தம்பி, ஒன்று இன்னொன்றை மோசமாக்குகிறது. பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து அங்கே 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 கிலோமீட்டரும் நம்முடையது. தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நின்றதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அது நம் வேலூர் வழக்கு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு கொடு, ஆற்றைச் சீராக்கு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் கிட்டத்தட்ட 29 வருஷம் ஓடிவிட்டது, அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

வெப்பம் இதில் எங்கே வருகிறது? தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். ஓட்டம் இருந்த காலத்தில் வெள்ளம் வந்து உப்பைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகும். ஓட்டம் இல்லாத, நீண்ட வறட்சி நடுவில் வருகிற ஆற்றில் உப்பு அங்கேயே தங்கி, வருஷத்துக்கு வருஷம் கிணற்று நீரை உவர்ப்பாக்கும். திடீரென்று கொட்டும் மழை வரும்போது குட்டைகளில் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாகக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பாலாறு வறண்ட ஆறு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நம் பெரியவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. மேலே மணல், கீழே தண்ணீர். ஆற்றுக்குள் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்த அடித்தண்ணீரையே வயலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று அடி மணலுக்குக் கீழே இருக்கும் தண்ணீரை மே மாத வெயிலால் தொட முடியாது, மூடி போட்ட தொட்டி அது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில்தான் நமக்கு அந்த மூடி அதிகம் தேவை, அதைத்தான் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். இன்று வேலூர்க் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. பாலாற்றங்கரை ஊருக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர்!

உங்கள் வேலையைக் கெடுக்க யாரும் நினைக்கக் கூடாது. கழிவை முழுதாகச் சுத்திகரிக்கச் செலவாகும், அந்தச் செலவை வாங்குகிற கம்பெனியும் விலையில் ஏற்க வேண்டும். தொழிலாளி தலையில் அதைக் கட்டக் கூடாது.

கேள்வி: நாங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு காட்டோடை. முன்பு தை, மாசி வரை சலசலத்துக்கொண்டே இருக்கும். இப்போது மார்கழியிலேயே நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் மட்டும் பயமுறுத்தும் வேகம். மலையிலேயே இப்படி என்றால் கீழே என்னாகும்? (ஜவ்வாது மலை, ஆசிரியை)

பதில்: நீங்கள் பார்த்ததை நோட்டில் எழுதி வையுங்கள் டீச்சர், இது பெரிய சாட்சி. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுகிறதென்றால் அது மழைத் தண்ணீர் இல்லை. காட்டு மண்ணும் சருகும் பாறை வெடிப்பும் மழைக்காலத்தில் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. மழை அடித்துப் பெய்து ஓடிவிட்டால் மண் குடிப்பது குறைவு, பிறகு பகலும் ராத்திரியும் சூடாக இருந்தால் மரமும் மண்ணும் இழுத்துக்கொள்வது அதிகம். இரண்டு பக்கமும் கடிக்கும்போது ஓடைக்கு மிச்சம் இல்லை. சருகு எரிந்த காட்டில், ஆடுமாடு மிதித்துக் கெட்டியான சரிவில் இது இன்னும் மோசம்.

ஓடை ஒரு மாதம் முன்னால் நிற்பது நமக்கு ஒரு மாதக் கணக்குதான். ஓடைக் கல்லுக்கு அடியில் வளரும் தும்பிக் குஞ்சுக்கு அது ஆயுசு. தவளைக்குஞ்சு கால் முளைக்கும் முன் தண்ணீர் வற்றினால் அந்த வருஷத்துத் தலைமுறையே போய்விடும். தும்பியும் தவளையும் குறைந்த இடத்தில் கொசு கூடும், உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஓடைக்கரையிலேயே நின்று காட்டலாம்.

கீழே என்னாகும் என்று கேட்டீர்கள். ஜவ்வாது மலைத் தண்ணீர் செய்யாற்றுக்கும் பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் போகிறது, மலை ஓடை நின்றால் கீழே வரத்து நிற்கும். ஆனால் மீட்கவும் முடியும், நாகநதியைப் பாருங்கள். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் அந்த நதிப் படுகையில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து, ஓடைக்குள்ளேயே பதினைந்து, இருபது அடி ஆழத்துக்கு உறை இறக்கி, மேலே கல்தடுப்பு வைத்து, ஓடிப்போகிற தண்ணீரைப் பூமிக்குள் இறக்கினார்கள். காய்ந்து கிடந்த சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. மண்வெட்டி பிடித்த அந்தப் பெண்கள் கையில்தான் அது நடந்தது, அவர்கள் பெயரெல்லாம் பாடப்புத்தகத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் வருகின்றன. இதை ராம்சர் பட்டியலில் சேர்த்தால் பாதுகாப்பு கிடைக்குமா? வெட்லேண்ட் சட்டம் இருக்கிறது என்கிறார்களே? (ராணிப்பேட்டை மாவட்டம், பறவை பார்க்கும் இளைஞர்)

பதில்: ராம்சர் என்பது வெட்லேண்டுகளை, அதாவது ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம், 1971இல் ஈரானில் கையெழுத்தானது. செயற்கை ஏரி என்பதால் சேர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் நம் ஏரிகளைப்போன்ற ஏரிகள்தான், 2022இல் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2017ஆம் வருஷத்து ஈரநில விதிகளைப் படித்துப் பாருங்கள். பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகள் அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. வடாற்காட்டின் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே பாசனத்துக்குக் கட்டியவை! இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயிரம் வருஷமாகப் பறவை வந்து முட்டையிடும் ஏரியை, நெல்லுக்காகக் கட்டியது என்பதற்காக ஈரநிலம் இல்லை என்று ஒதுக்குவது எப்படி? இப்போதைக்கு நம் கையில் இருப்பது ஆக்கிரமிப்பை அகற்றும் 2007ஆம் வருஷத்து மாநிலச் சட்டம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்து ஏரி. அதே மாவட்டத்தில் மகேந்திரவாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே பாறையில் குடைந்த கோயிலில் மகேந்திரவர்மன் கல்வெட்டு இருக்கிறது, மகேந்திர தடாகத்தின் கரையில் இந்தக் கோயில் என்று சொல்கிறது. அதை வெட்டியது ஏழாம் நூற்றாண்டில். கோயிலுக்கு விலாசம் சொல்லவே ஏரியைத்தான் காட்டினார்கள்.

பறவைக்கு வருகிறேன். வலசை வருகிறவை ஏரி நிரம்பியதும் வருவதில்லை, நாள் நீளத்தை வைத்துத் தங்கள் நேரத்துக்கு வருகின்றன. அந்த நேரத்தில் ஏரி கழுத்தளவு நிறைந்திருந்தால் உள்ளானுக்குக் கால் வைக்க இடமில்லை, அதற்கு ஆழமில்லாத சேறு வேண்டும். முன்பே வற்றியிருந்தால் கூழைக்கடாவுக்கு மீன் இல்லை. மழையின் தேதி தள்ளாடும்போது பறவையின் தேதியும் ஏரியின் தேதியும் ஒத்துப்போவதில்லை. பக்கத்தில் பல ஏரிகள் பல மட்டத்தில் இருந்தால் இது இல்லாவிட்டால் அது என்று பறவை பிழைத்துக்கொள்ளும். அதனால் ஒரு பெரிய ஏரியை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, சுற்றியிருக்கிற பெயர் தெரியாத தாங்கல்களும் குட்டைகளும் வேண்டும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கு நான் தனியாக என்ன செய்ய முடியும்? மரம் நடுவதைத் தவிர வேறு சொல்லுங்கள். (திருப்பத்தூர் மாவட்டம், மாணவி)

பதில்: நல்லதாகப் போயிற்று, மரம் நடச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உனக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் அப்பா ஏரி மதகின் படிக்கட்டை எண்ணிப் பார்த்துத்தான் எத்தனை காணி நடலாம் என்று முடிவு செய்வார். எத்தனை படி தெரிகிறது என்று வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைப்பார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அதெல்லாம் போய்விட்டது, இன்றைக்கு அது இருந்தால் பொன்னுக்குச் சமம்.

நீ ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அவரை விட்டு மதகுத் தூணில் அரை அடிக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடிக்கச் சொல். ஆழமான பக்கம் நீ இறங்காதே. ஞாயிறுதோறும் கரையில் நின்று தண்ணீர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று எழுது. ஏரிக்கு முதல் தண்ணீர் வந்த தேதி, கோடி போன தேதி, கோடி நின்ற தேதி, கடைசித் தண்ணீர் வற்றிய தேதி, இந்த நாலும் முக்கியம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும் டப்பாவை மொட்டை மாடியில் வைத்தால் மழை பெய்ததும் ஸ்கேலால் அளந்துவிடலாம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பெய்தது என்பதையும் எழுது, அளவைவிட அது முக்கியம் என்று முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன். புதுப் பறவை வந்தால், மீன் மேலே வந்து வாய் திறந்தால், தண்ணீர் நிறம் மாறினால் அதையும் ஒரு வரி எழுது. பெரிய ஏரிகளின் மட்டம் அரசிடம் இருக்கும். உன் ஊர்ச் சின்ன ஏரியின் கணக்கை நீ எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

இந்த ஐப்பசியில் ஆரம்பித்து அடுத்த ஐப்பசி வரை எழுதிவிட்டு நோட்டை எனக்கு அனுப்பி வை. இதே பக்கத்தில் போடுகிறேன்.